பேடில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

சொந்தக் காரை மெஷின் போட்டுத் தானே பாலிஷ் செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறவர்களின் பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முக்கால்வாசி மெஷினுக்கே போய்விடும். எத்தனை வாட், எத்தனை ஆர்.பி.எம்., எந்தக் கம்பெனி என்று நாள்கணக்கில் வீடியோ பார்த்து வாங்குவார்கள். அடுத்தது காம்பவுண்ட், அதிலும் பெயர் கேள்விப்பட்ட பாட்டிலாகத் தேடுவார்கள். கடைசியில் கையில் நிற்கும் சில நூறு ரூபாய்தான் பேடுக்கு. மெஷினோடு சும்மா வந்த ஒரு பேடே போதும் என்று விட்டுவிடுகிறவர்களும் நிறைய. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. பெயிண்டைத் தொடுவது பேட். மெஷின் அதைச் சுற்றுகிறது, காம்பவுண்ட் அதில் ஏறி உட்கார்ந்து வேலை செய்கிறது. கீறல் போகுமா, போன இடத்தில் பளபளப்பு வருமா மங்கல் வருமா, பெயிண்ட் எவ்வளவு சூடேறும் என்ற மூன்று கேள்விக்கும் பாதிக்கு மேல் பதில் பேடில்தான் இருக்கிறது. சுமாரான மெஷினில் சரியான பேடை மாட்டி நல்ல வேலை எடுக்க முடியும். தப்பான பேடை மாட்டினால் எவ்வளவு விலை கொடுத்த மெஷினும் அதைச் சரிக்கட்டாது.

முதலில் எதைத் தேய்க்கிறோம் என்று பார்ப்போம். இன்றைய கார்களில் தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், காரின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதே படலம்தான். காய்ந்த துணியால் தூசி தட்டுவது, ஒரே வாளித் தண்ணீரில் மண்ணோடு சேர்த்துத் துடைப்பது என்று தினமும் நடக்கிற காரியங்களால் அதன் மேல் நுண் கீறல்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. வெயிலில் கறுப்புக் காரின் பானட்டைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகத் தெரிகிறதே, அதைத்தான் ஸ்விர்ல் என்கிறோம். பாலிஷ் போட்டால் அந்தக் கீறல் நிரம்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. கீறலின் அடிமட்டம் வரைக்கும், அல்லது அதன் கூர்மையான ஓரம் மழுங்கும் வரைக்குமாவது, சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிச் சமமாக்குகிறோம். சீவியது திரும்பி வராது. மென்மையான ஃபோமும் மென்மையான பாலிஷும் ஒரு சுற்றில் ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். கம்பளி பேடும் கனத்த காம்பவுண்டும் சேர்ந்தால் சில மைக்ரான் போய்விடும். 40 மைக்ரான் கையிருப்பில் இது சின்ன வித்தியாசம் அல்ல.

பேட் எப்படி வெட்டுகிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். கம்பளி பேடில் ஒவ்வொரு இழையின் நுனியும் காம்பவுண்டின் துகளைப் பிடித்துக்கொண்டு பெயிண்டை உரசுகிறது. இழைகளுக்கு இடையில் காற்று ஓடுவதால் வேகமாக வெட்டும்போதும் ஃபோம் அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆனால் இழையின் தடம் பெயிண்டில் மங்கலாக விழும். மைக்ரோஃபைபர் பேட் என்பது மெல்லிய ஃபோம் தட்டின் மேல் குட்டையான இழைகளை ஒட்டியது. சுற்றிக்கொண்டே அலையும் டூயல் ஆக்ஷன் மெஷினில் கம்பளிக்கு அருகில் வெட்டு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அது புழக்கத்துக்கு வந்தது. ஃபோமில் வெட்டும் இழை எதுவும் கிடையாது. அதன் நுண்ணறைகளின் சுவர்தான் துகளைப் பெயிண்டின் மேல் அழுத்துகிறது. சுவர் விறைப்பாக இருந்தால் அழுத்தம் கூடும், வெட்டும் கூடும். தளர்வாக இருந்தால் துகள் உள்ளே அமுங்கி மேலோட்டமாகத் தடவிக்கொண்டு போகும். ஆக பேடை மாற்றுவது உப்புத்தாளில் நம்பர் மாற்றுகிற அளவுக்குப் பெரிய மாற்றம்.

"அப்படியானால் காம்பவுண்டில் எழுதியிருக்கிற ஹெவி கட், மீடியம் கட், ஃபினிஷ் எல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய காம்பவுண்டுகளில் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுணுகும். தொடக்கத்தில் முரட்டுத்தனமாக வெட்டிவிட்டு முடிவில் மென்மையாக மெருகேற்றும் குணம் அந்தத் திரவத்துக்குள்ளேயே இருந்தது. எவ்வளவு நேரம் தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதே பெரிய கைத்திறன். பிறகு உடையாத நுண்துகள் காம்பவுண்டுகள் வந்தன. மெகுவியர்ஸ் நிறுவனத்தின் எம் 105, எம் 205 இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவை. இவற்றில் துகளின் அளவு முதல் நொடியிலும் கடைசி நொடியிலும் ஏறக்குறைய ஒன்றேதான். துகள் மாறாதபோது வெட்டைக் கூட்டவும் குறைக்கவும் மிஞ்சுவது பேட், அழுத்தம், வேகம் மூன்றும்தான். அதில் பெரிய கைப்பிடி பேட். ஒரே பாட்டிலை எடுத்து, ஒரே பானட்டில், பக்கத்துப் பக்கத்தில் மூன்று கட்டம் டேப் ஒட்டிப் பிரித்து, ஒன்றில் மைக்ரோஃபைபர், ஒன்றில் விறைப்பான ஃபோம், ஒன்றில் மென்மையான ஃபோம் என்று போட்டுப் பாருங்கள். முதல் கட்டத்தில் கீறல் போயிருக்கும், ஆனால் புகை படிந்ததுபோல் மங்கல் நிற்கும். மூன்றாவதில் பளபளப்பு இருக்கும், கீறலும் இருக்கும். திரவம் மூன்றுக்கும் ஒன்றுதான். அதற்காகத் திரவமே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்நிறக் காரில் கடைசிச் சுற்றுக்கு நுண்ணிய துகள் உள்ள பாலிஷ் கட்டாயம் வேண்டும். நடுவில் விற்கிற நாலைந்து பாட்டில்களைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு காம்பவுண்ட், ஒரு பாலிஷ். மிஞ்சுகிற காசைப் பேடில் போடலாம்.

சரி, பேட் வாங்கப் போகிறீர்கள். அங்கே காத்திருக்கும் முதல் குழி நிறம். நீலம் என்றால் இது, மஞ்சள் என்றால் அது என்று யாரோ சொன்னதை மனதில் வைத்து வாங்கினால் வசமாக மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் பேடின் நிறத்துக்குப் பொதுவான தர அளவு கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சாயம் போடுகிறது. இத்தாலியின் ரூப்பஸ் நிறுவனத்தின் ஃபோம் வரிசையில் நீலம்தான் இருப்பதிலேயே முரடு. அடுத்து பச்சை, அதற்கடுத்து மஞ்சள், கடைசியில் மிக மென்மையான வெள்ளை. த்ரீ எம் நிறுவனத்தின் பெர்ஃபெக்ட் இட் வரிசையில் பச்சைக்கு அடுத்து மஞ்சள், அதற்கடுத்து கடைசிக் கட்ட மெருகுக்கான மிக மென்மையான பேட். அதன் நிறம் நீலம். அதாவது ஒருவரின் முதல் படி இன்னொருவரின் கடைசிப் படி. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி வரிசையிலோ மஞ்சள்தான் முரட்டு கட்டிங் பேட், ஆரஞ்சு அதற்கு ஒரு படி கீழே, வெள்ளை பாலிஷிங், கறுப்பு ஃபினிஷிங். ரூப்பஸில் மஞ்சளை மென்மை என்று பழகியவர் லேக் கன்ட்ரியின் மஞ்சளை நம்பிக்கையோடு கடைசிச் சுற்றுக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இவையெல்லாம் பேர் உள்ள நிறுவனங்கள். தங்கள் வரிசையைத் தெளிவாக அச்சிட்டுத் தருகிறார்கள். பெயர் இல்லாத பாக்கெட்டில் ஆறு நிறத்தில் வரும் செட்டில் பல சமயம் ஆறும் ஒரே ஃபோம், சாயம் மட்டும் வேறு. அதனால் நிறத்தைப் பார்க்காமல் கையால் பாருங்கள். கட்டைவிரலால் நடுவில் அழுத்துங்கள். விறைத்து எதிர்த்து, விட்டவுடன் சட்டென்று எழுந்தால் கட்டிங். கொஞ்சம் அமுங்கி எழுந்தால் பாலிஷிங். விரல் அடிவரை இறங்கி, மெதுவாக எழுந்தால் ஃபினிஷிங். ஒரே செட்டில் உள்ள பேட்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு அழுத்திப் பார்க்கும்போது இது நன்றாகவே தெரியும். தெரியவில்லை என்றால் அந்தச் செட் வேண்டாம்.

அடுத்தது அளவும் தடிமனும். இங்கேதான் மெஷினுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் எந்த பேட் உருப்படியாக வேலை செய்யும் என்பதை மெஷினின் அசைவுதான் தீர்மானிக்கிறது. ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் நேராகச் சுற்றும். டூயல் ஆக்ஷனில் பேடைத் தாங்கும் பேக்கிங் பிளேட் சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வட்டத்தில் அலைகிறது. அந்த வட்டத்தின் விட்டத்தை த்ரோ என்பார்கள். பழைய போர்ட்டர் கேபிள் மெஷினில் அது 8 மி.மீ.; ரூப்பஸ் பிக்ஃபுட் மெஷின்களில் 15, 21 மி.மீ. என்று போகிறது. இப்போது ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமனான, தொளதொளப்பான பேடை அதில் மாட்டினால் பிளேட் அலைகிற அலைச்சலை ஃபோமே உள்வாங்கிக்கொள்ளும். மேலே 15 மி.மீ. அசைவு, கீழே பெயிண்டில் அதில் பாதிகூட வந்து சேராது. மிஞ்சியது ஃபோமுக்குள்ளேயே சூடாகி வீணாகும். அதனால் டூயல் ஆக்ஷனுக்கு மெல்லிய பேட். ரோட்டரிக்குத் தடிமனான பேட் பரவாயில்லை. வளைவுகளில் அந்த மெத்தை உதவவும் செய்யும். அளவைப் பொறுத்தவரை பேட் பேக்கிங் பிளேட்டைவிட அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை பெரிதாக இருக்க வேண்டும். 5 அங்குல பிளேட் என்றால் ஐந்தரை அல்லது 6 அங்குல பேட். சம அளவில் மாட்டினால் பிளேட்டின் கெட்டி விளிம்பு என்றைக்காவது ஒரு நாள் கதவின் கோட்டிலோ கண்ணாடியின் ஓரத்திலோ இடிக்கும். ரொம்பப் பெரிதாக மாட்டினால் ஓரத்தில் அழுத்தமே இருக்காது, பேட் தளதளவென்று ஆடும்.

பேக்கிங் பிளேட்டை யாரும் பேசுவதே இல்லை. பேடுக்கு அடுத்து கவனம் வேண்டியது அதற்குத்தான். மரை பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே கிடைக்கும் ரோட்டரிகளில் பெரும்பாலும் எம் 14 மரை. அமெரிக்க ரோட்டரிக்குச் செய்த பிளேட்டில் அங்குல அளவு மரை இருக்கும், அது இதில் ஏறாது. ஏறாததை முறுக்கி ஏற்றிவிட்டு 2,000 சுற்றில் ஓட்டுவது உயிரோடு விளையாட்டு. டூயல் ஆக்ஷனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் எதிர் எடை, குறிப்பிட்ட அளவு பிளேட்டும் பேடும் மாட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்தது. 5 அங்குலத்துக்கான மெஷினில் 6 அங்குல பிளேட்டையோ 3 அங்குலத்தையோ மாட்டினால் அந்தக் கணக்கு தப்பும். மெஷின் உதறும், கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போகும். தயாரிப்பாளர் எந்தெந்த அளவுக்கு அனுமதி தந்திருக்கிறாரோ அதோடு நிற்பதே நல்லது. பிளேட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காசே செலவில்லாத கருவி இது. மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். ஃபென்டரின் வளைவுக்குப் போனவுடன் கோடு அப்படியே ஓரிடத்தில் நின்று நடுங்கினால், பேட் சுற்றுவதை விட்டுவிட்டு வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கிறது, வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது என்று பொருள். அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், பேடைத் தட்டையாக வைக்க வேண்டும், அப்படியும் சுற்றவில்லை என்றால் சின்ன பேடுக்கு மாற வேண்டும். "இந்த காம்பவுண்ட் வேலையே செய்யவில்லை" என்று புலம்புகிற பல இடங்களில் குற்றவாளி இந்த நின்றுபோன கோடுதான். ஃப்ளெக்ஸ் எக்ஸ்.சி. 3401 போன்ற, கியரால் கட்டாயமாகச் சுற்ற வைக்கும் மெஷின்களில் இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு ஈடாகக் கையில் அவை கொஞ்சம் இழுக்கும்.

மெஷின் இல்லையே, வீட்டில் இருக்கும் ஆங்கிள் கிரைண்டரில் ஒரு பேடை மாட்டிப் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிறது. 4 அங்குல பேடின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 58 மீட்டர் பறக்கும். பாலிஷருக்கு உரிய 1,500 சுற்றில் 6 அங்குல பேடின் விளிம்பு நொடிக்கு 12 மீட்டர்தான். ஏறக்குறைய ஐந்து மடங்கு. காம்பவுண்ட் தெறித்துப் போகும், ஃபோம் உருகும், கிளியர் கோட் எரியும். வெல்க்ரோ விட்டு பேட் பறந்தால் எதிரில் நிற்பவர் கதி என்ன? வேகக் கட்டுப்பாடு உள்ள, பாலிஷிங்குக்கென்றே செய்த மெஷின் வேண்டும். சாதாரண விலையில் கிடைப்பதே போதும்.

எத்தனை பேட் வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பேடில் ஒரு முழுக் காரை முடிக்க முடியாது. ஒரு செடானுக்கு நான் சொல்லும் கணக்கு, நான்கு கட்டிங், இரண்டு ஃபினிஷிங், மெஷின் அனுமதித்தால் மூலைமுடுக்குக்கு 3 அங்குலத்தில் ஒன்றிரண்டு. இரண்டு மூன்று பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். காரணம் இரண்டு. ஒன்று, சீவி எடுத்த கிளியர் கோட் எங்கே போகிறது? பேடுக்குள்தான். பழைய காம்பவுண்டோடு கலந்து அது ஃபோமின் அறைகளை அடைக்கிறது; அடைந்த பேட் வெட்டுவதை நிறுத்திவிட்டு, கட்டிகட்டியாக உருண்ட கழிவை வைத்துப் பெயிண்டைப் புதிதாகக் கீறத் தொடங்கும். இரண்டாவது சூடு. பேடின் நடுப்பகுதியில் சூடு வெளியேற வழி குறைவு. ஈரமும் சூடும் சேர்ந்தால் ஃபோம் தளர்ந்து, பின்னால் இருக்கும் வெல்க்ரோ ஒட்டு விட ஆரம்பிக்கும். நல்ல பேட்களில் நடுவில் துளை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிளேட்டில் சரியாக நடுவில் பொருத்தவும் அது உதவுகிறது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிற பேடைக் கழற்றி ஓரமாக ஆற வைத்துவிட்டு அடுத்ததை மாட்டுங்கள். கழற்றும்போது ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள்; சூட்டில் ஒட்டு இளகியிருக்கும், ஃபோம் ஒரு பக்கம் வெல்க்ரோ ஒரு பக்கமாகப் பிரிந்துவிடும்.

"தேய்ந்து போகிற சாமானுக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. தேய்வது உண்மைதான். ஆனால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஆறு பேட், ஒவ்வொன்றும் குறைவாகச் சூடேறி, குறைவாக அடைந்து, பல கார்களுக்கு வரும். ஒற்றை பேடில் முழுக் காரையும் தேய்க்கிறவர் அந்தக் காரோடு அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடைந்த பேடில் நாலு சுற்றில் முடிய வேண்டிய இடத்துக்கு எட்டுச் சுற்று போகும். அந்தக் கூடுதல் நாலும் கிளியர் கோட்டின் மேல் வீணாக ஏற்றுகிற சூடு. பேட் அழிந்தால் வாங்கிக்கொள்ளலாம். கிளியர் கோட் அழிந்தால் ஒரு பேனலை முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும், அதில் பழைய நிறம் அப்படியே பொருந்தி வருவதும் எளிதல்ல.

பேடைச் சுத்தமாக வைத்திருக்கும் சாமான்களும் அதே அளவுக்கு முக்கியம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஃபோம் பேடை நைலான் பிரஷ்ஷால் சுற்றவிட்டுத் துடைக்க வேண்டும். மைக்ரோஃபைபருக்கும் கம்பளிக்கும் அழுத்தக் காற்று சிறந்தது. இழைகள் படுத்துக் கிடப்பதை நிமிர்த்தி, உள்ளே இருக்கும் தூளை வெளியே அடித்துவிடும். காற்று அடிக்கும்போது முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் மிதமான சோப்பிலும் கசக்கி அலசி, பிழிந்து, நிழலில் காய வைக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் எதுவும் கிட்டவே வரக் கூடாது. புதுப் பேடைக் காய்ந்தபடி பெயிண்டில் வைப்பதும் தப்பு. பேடின் முகம் முழுக்கக் காம்பவுண்டை விரலால் மெல்லியதாகத் தடவிப் பழக்கிவிட்டு, அதன் பிறகு கட்டத்துக்கு மூன்று நான்கு பட்டாணி அளவுத் துளி போதும். அதிகம் ஊற்றினால் அதிகம் வெட்டும் என்பது தவறான எண்ணம். வழவழப்பு கூடித் துகள் பிடிமானம் இழக்கும், பேடும் சீக்கிரம் அடையும்.

இப்போது கனமான மறுப்பு ஒன்று. நம் ஊர்ப் பெயிண்ட் பட்டறைகளில் அனுபவப்பட்ட கைகள் ஒரே ஒரு கம்பளி பேடும் ஒரு ரோட்டரியும் வைத்து ரப்பிங் போட்டு, காரைக் கண்ணாடிபோல் ஆக்கி அனுப்புகிறார்களே, அவர்களுக்கு ஆறு பேட் எதற்கு? அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். புதிதாக அடித்த பெயிண்டில் வாட்டர் பேப்பர் போட்ட தடத்தை எடுக்க ரோட்டரியும் கம்பளியும்தான் சரியான ஜோடி; அந்த வேலையை மென்மையான ஃபோமில் செய்ய நினைத்தால் பொழுது விடிந்துவிடும். கேள்வி அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான். கம்பளியோடு நிறுத்திய காரைப் பட்டறையின் டியூப் லைட்டில் பார்த்தால் குறை தெரியாது. அடுத்த நாள் காலை வெயிலில் பார்த்தால் மெஷின் போன திசையிலேயே வால்போல் நீளும் ஒளிக்கோடுகள் தெரியும். ஹோலோகிராம் என்பார்கள். இரண்டு கழுவலுக்குப் பிறகு அது இன்னும் துலக்கமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. பல காம்பவுண்டுகளில் இருக்கும் எண்ணெய்ச் சத்து நுண்கீறல்களில் தங்கி அவற்றை மறைக்கும். கழுவக் கழுவ அது போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்தையும் நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலோ பேனல் வைப் என்று விற்கும் திரவத்தாலோ துடைத்துவிட்டு, வெயிலிலோ ஒற்றைப் புள்ளி எல்.இ.டி. வெளிச்சத்திலோ பார்க்க வேண்டும். கம்பளிக்குப் பின் ஒரு பாலிஷிங் ஃபோம், ஒரு ஃபினிஷிங் ஃபோம் என்று இரண்டு பேட் கூடுதலாகச் சேர்த்தால் அதே பட்டறையின் அதே கை அந்தக் கோடுகள் இல்லாமல் காரை அனுப்பும். குறை கையில் இல்லை, பேடில்தான்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வரும்: மைக்ரோஃபைபர் பேடே வெட்டும் கொடுக்கிறது, பளபளப்பும் கொடுக்கிறது, ஒரே படியில் முடித்துவிடலாமே என்று. கடினமான கிளியர் கோட்டில், வெள்ளை வெள்ளி நிறங்களில், இது பல சமயம் நடக்கும், நானும் மறுக்கவில்லை. மெர்சிடிஸ் 2003 இறுதியில் நானோ துகள் கலந்த கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. கீறலை எதிர்ப்பதற்காகவே செய்த அந்த மாதிரிப் பூச்சு ஃபோமுக்குச் சுலபத்தில் அசைந்து கொடுக்காது, மைக்ரோஃபைபரைத்தான் கேட்கும். ஆனால் மென்மையான கறுப்புப் பெயிண்டில் அதே பேட் மெல்லிய பனிமூட்டம் மாதிரி ஒரு மங்கலை விட்டுவிடும். அதை எடுக்கத் திரும்ப ஃபோமுக்கே வர வேண்டும். பெயிண்டின் கடினம் பிராண்டுக்குப் பிராண்டு, மாடலுக்கு மாடல் மாறும். ஒரே காரில்கூடத் தொழிற்சாலைப் பெயிண்ட் உள்ள கதவும், டிங்கரிங் முடிந்து திரும்ப அடித்த கதவும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் எந்தக் காருக்கு எந்தப் பேட் என்று யார் அட்டவணை போட்டுக் கொடுத்தாலும் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பானட்டில் ஓரிரு அடி சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்து, கையில் இருப்பதிலேயே மென்மையான ஜோடியில் தொடங்குங்கள். கீறல் போகவில்லை என்றால் முதலில் பேடை ஒரு படி ஏற்றுங்கள், காம்பவுண்டை அப்படியே வையுங்கள். அப்போதும் போகவில்லை என்றால்தான் காம்பவுண்டைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும்.

மற்ற துணைச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்பசை விடாத நல்ல மாஸ்கிங் டேப்: கறுப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் பட்டால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு போகவே போகாது, பேனல்களின் கூர்மையான ஓரங்களில் பெயிண்ட் மெல்லியதாக இருப்பதால் அங்கேயும் ஒட்டிக்கொள்வது நல்லது. தையல் விளிம்பு இல்லாத மைக்ரோஃபைபர் துணி பத்துப் பன்னிரண்டு. தரையில் விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி எடுக்காதீர்கள். பெயிண்ட் தடிமன் மானி வாங்க முடிந்தால் நல்லது, ஆனால் வழக்கமான மானி எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் வேலையும் செய்யாது. அக்கம்பக்கத்தைவிட எண் ரொம்ப ஏறியிருந்தால் அந்தப் பேனல் திரும்ப அடித்தது, பட்டி பார்த்தது என்று தெரிந்துகொள்ளலாம், அதுவே பெரிய உதவி. பேட் பெயிண்டைத் தொடும் முன் காரை நன்றாகக் கழுவி, களிமண் பார் போட்டு, ஒட்டியிருக்கும் துகளை எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்தத் துகளே பேடில் ஏறிக் கீறும். போர் தண்ணீரில் கழுவிக் கழுவி உப்புக்கறை இறங்கிய கார்களுக்கு, முதலில் கறைக்கென்று உள்ள அமில வகைத் திரவத்தைப் பாட்டிலில் சொன்ன அளவில் போட்டுப் பாருங்கள். கறை பெயிண்டைக் குழித்திருந்தால் மட்டும் பேடுக்கு வேலை. நம் வெயிலில் வெளியே நிற்கும் காரின் பானட் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். அதில் காம்பவுண்ட் போட்டவுடன் காய்ந்துவிடும், பேட் சீக்கிரம் அடையும். நிழலில் நிறுத்தி, தகரம் ஆறின பிறகு தொடங்குங்கள்.

ஆன்லைனில் கிடைக்கும் இருபது துண்டு செட் பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரில் மெஷினில் மாட்டும் கம்பியோடு, வண்ண வண்ண ஃபோம், கம்பளித் தொப்பி எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்கு வரும். முகப்பு விளக்கைத் தேய்க்க, அலாய் சக்கரத்தின் உள்பக்கத்துக்கு, பரவாயில்லை. காரின் உடம்புக்கு வேண்டாம். ஃபோமின் ஒட்டு சுற்று மையத்தில் இருக்காது, பிளேட் தடிமனாகவும் கெட்டியாகவும் இருக்கும், ட்ரில்லைப் பிடித்துத் தட்டையாக வைக்கக் கைப்பிடியும் வாகாக இருக்காது. அதே பணத்தில் ஒரே ஒரு நல்ல பேட் கிடைக்கும் என்றால் அந்த ஒன்றை வாங்கி, இந்த மாதம் பானட் மட்டும் செய்யுங்கள். அடுத்த மாதம் இன்னொன்று வாங்கிக் கதவுகளுக்குப் போகலாம்.

ஆக, புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் சிபாரிசு இப்படி: 5 அங்குல பிளேட் உள்ள, 15 மி.மீ. த்ரோ கொண்ட ஒரு நடுத்தர விலை டூயல் ஆக்ஷன். அதற்குத் தயாரிப்பாளரே சொன்ன பேக்கிங் பிளேட் இன்னொன்று உபரியாக, ஏனென்றால் வெல்க்ரோ கொக்கிகள் சூட்டில் மழுங்கும்போது நடு வேலையில்தான் தெரியும். ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் விறைப்பான ஃபோம் நான்கு, மென்மையானது இரண்டு, மைக்ரோஃபைபர் இரண்டு. ஒரு காம்பவுண்ட், ஒரு பாலிஷ். பிரஷ், டேப், துணிகள். பேட்களை வாங்கியதும் ஒவ்வொன்றின் பின்னாலும் கட்டிங், ஃபினிஷிங் என்று அழியாத மையில் எழுதி, இரண்டையும் தனித்தனி மூடிபோட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள். கட்டிங் காம்பவுண்ட் ஒரு முறை ஏறிய பேடை எவ்வளவு அலசினாலும் ஃபினிஷிங்குக்கு எடுக்கக் கூடாது. ஃபோமின் ஓரம் கிழிந்தாலோ, நடுவில் விரலை அழுத்தினால் எழாமல் குழியாகவே நின்றாலோ, அலசிக் காய்ந்த பிறகும் முகம் மொறமொறவென்று இருந்தாலோ அந்த பேடைக் காரிலிருந்து ஓய்வு கொடுத்து, சக்கரம் துடைக்க ஒதுக்கிவிடலாம்.